கேஸ் பெட்டிக்கு ஒரு விண்ணப்பம்

என் கணவரின் இருமலுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பெயர். அவர் சளி என்பார், நான் கரி என்பேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

"அண்ணாச்சிக்கு எந்தா ஜோலி?"

"துணி தேய்ப்பு."

"கரியா, கேஸா?"

"கரிதான் டாக்டரே. சிரட்டைக்கரி. நல்ல கரி" என்றார் இவர், கரியைக் குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வைகாசியில் வருகிற இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் அந்தப் புகையை விட்டாக வேண்டும் என்றார். ஈரக்காற்றும் புகையும் சேர்ந்தால் இந்த நெஞ்சு தாங்காது, அடுத்த தடவை இவர் நடந்து வரமாட்டார், யாராவது தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அது மாசி மாதம். மழைக்கு மூன்று மாதம் இருந்தது.

நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து கேரளாவுக்குப் பிழைக்க வந்தவர்கள். கரமனையில் ஒரு தெருவில், பெரிய வீடு ஒன்றின் மதிலை ஒட்டி எங்கள் தேய்ப்பு வண்டி நிற்கிறது. இருபது வருடமாக அதே இடம். காலையில் கரியைப் பற்றவைத்து விசிறுவது அவர் வேலை. குனிந்து, முகத்தைத் தணலுக்கு நேராக வைத்துக்கொண்டு விசிறுவார். நான் விசிறுகிறேன் என்றால் விடமாட்டார். எனக்குத் தணல் பக்குவம் தெரியாதாம். இருபது வருடம் சட்டைக் காலர் தேய்த்தவளுக்குத் தணல் தெரியாது என்று சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது.

கேஸில் ஓடுகிற தேய்ப்புப் பெட்டி வந்து ரொம்ப நாளாகிவிட்டது. சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வரும், பெட்டிக்குள் தீ எரியும், புகை கிடையாது. வழுதக்காட்டில் ஒருவர் வைத்திருந்தார், போய்ப் பார்த்தோம். கரண்ட் பெட்டி எங்களுக்கு உதவாது, ரோட்டோரத்தில் கரண்டுக்கு எங்கே போவது. கேஸ் பெட்டிக்கும் சிலிண்டருக்கும் விலை கேட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் இவர் எத்தனை மாதக் கூலி என்று விரலை மடக்கி எண்ணினார், இரண்டு கை விரலும் போதவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தேய்த்த துணியைப் பொதிகிற பழைய பேப்பரைப் படிக்காமல் பொதிய மாட்டேன். ஊரில் பத்தாவது வரை படித்தது தமிழ். மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொண்டது பஸ் போர்டிலும் இந்தப் பேப்பரிலும்தான். வரன் தேடுகிறவர்கள், காணாமல் போனவர்கள், செத்தவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும், கொஞ்சம் பழைய செய்தியாகத் தெரியும். ஒரு நாள் ஒரு வெள்ளை வேட்டியைப் பொதிய எடுத்த பேப்பரில், உள்பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு ஒரு செய்தி இருந்தது. மாநகராட்சி எல்லைக்குள் சுயதொழில் செய்யும் பெண்களுக்குத் தொழில் கருவி வாங்க உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டாம். விண்ணப்பம் அந்தந்த வார்டு அங்கன்வாடியில் கிடைக்கும். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வேட்டியை வேறு பேப்பரில் பொதிந்து கொடுத்தேன்.

"அதெல்லாம் மலையாளத்துக்காரங்களுக்கு உள்ளது" என்றார் இவர்.

"கார்ப்பரேஷன் எல்லைக்குள்ளன்னுதான் போட்டிருக்கு. என்ன பாஷைன்னு போடல."

"போடமாட்டான். குடுக்கும்போது பாத்துக் குடுப்பான்."

அவர் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. போன வருடம் ஓர் ஆபீஸ் கவுண்டரில் எங்கள் பேச்சைக் கேட்டதுமே தமிழ்நாட்டில் போய்க் கேட்கச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போயிருந்தபோது அங்கே கேட்டால், நீங்கள் கேரளாவில்தானே இருக்கிறீர்கள் என்றார்கள். இரண்டு பேரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் இவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. உங்களுக்கு உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுள்ளது, கட்டணத்தை மட்டும் உடனே அனுப்பவும் என்று. நாம் கேட்கவே இல்லையே, எப்படி அனுமதித்தான் என்றேன். இவர் அனுப்பத் தயாராக நின்றார். போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டேன். கொடுக்கிறவன் எதற்கு முதலில் நம்மிடம் கேட்கிறான்? இந்த ஒரு கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டிருந்தேன். அது என்னை ஒரு தடவையும் ஏமாற்றியதில்லை.

இவர் நம்பியது ஒரே ஓர் ஆளைத்தான். தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட். நாகர்கோவில் பக்கத்துத் தமிழன். நாங்கள் இருப்பது ஒரு லைன் வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு அறை, ஆறு குடும்பம். ஆறு குடும்பத்துக்கும் ரேஷன் கார்டிலிருந்து எல்லாம் எழுதிக் கொடுத்தது அவன்தான். இவர் என்னை அவனிடம் கூட்டிப் போனார். நான் போனதற்குக் காரணம், எவ்வளவு கேட்கிறான் என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

அவன் மேஜையில் நாலைந்து கட்டு ஃபாரம் இருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பேப்பரில் வந்த அதே உதவித்தொகைதான். மூலையில் 'சௌஜன்யம்' என்று அச்சடித்திருந்தது.

"இது சும்மா குடுக்கதுன்னு இதுலயே போட்டிருக்கே" என்றேன்.

"ஃபாரம் ஃப்ரீதான்க்கா" என்றான் அவன். "காரியம் ஃப்ரீ இல்ல. உள்ள நாலு பேரைப் பாக்கணும். பாதி இப்ப, பாதி பேரு வந்த பெறவு."

"யாரு அந்த நாலு பேரு?"

"அதச் சொன்னா அப்புறம் எனக்கு என்ன வேலை?"

நல்ல பதில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் சொன்ன முன்பணத்துக்குப் பெட்டியில் பாதியை வாங்கிவிடலாம். நான் எழுந்துவிட்டேன். இவரும் எழுந்தார், மனசில்லாமல். படி இறங்கும்போது, "கோவத்துல காரியத்தக் கெடுத்துராத" என்றார்.

"காரியம் இன்னும் தொடங்கவே இல்ல. தொடங்கின பெறவு கெடுக்கேன்" என்றேன்.

மறுநாள் காலை அங்கன்வாடிக்குப் போனேன். எங்கள் லைனிலிருந்து நடக்கிற தூரம், ஆனால் எங்கள் பிள்ளை வளர்ந்த பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. டீச்சர் பதிவேட்டில் என் பெயரை எழுதிவிட்டு ஒரு ஃபாரம் தந்தார். ஐந்து பைசா கேட்கவில்லை. உட்கார்ந்து நிரப்ப ஒரு குட்டி நாற்காலியும் கொடுத்தார். முட்டி காதைத் தொடும் உயரத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

"எழுதிக் கொடுத்தா மட்டும் போரா சேச்சி" என்றார் டீச்சர். "வார்டு சபைக்கு வரணும். அவிடெயாணு லிஸ்டு வாயிக்கிறது. இத்தன வருஷம் நிங்கள் ஆரும் வந்நிட்டில்லல்லோ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வருடத்தில் சில தடவை மைக் கட்டின ஆட்டோ எங்கள் தெருவில் வார்டு சபை, வார்டு சபை என்று கூவிக்கொண்டு போகும். நாங்கள் அதைக் கட்சிக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நமக்கு எதற்குக் கட்சி வம்பு என்று லைனில் ஆறு குடும்பமும் அன்றைக்குக் கதவைச் சாத்தி வைப்போம். யாருக்கு உதவி என்று முடிவாகிற இடத்துக்கு நாங்கள் இருபது வருடமாகக் கதவைச் சாத்தியிருக்கிறோம். யாரும் எங்களைத் துரத்தவில்லை. நாங்களாகவே போகவில்லை.

ஃபாரத்தில் மற்றதெல்லாம் சுலபமாக இருந்தது. வீட்டுப்பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. இந்த ஊரில் மனிதனுக்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்குப் பெயர் இருக்கும். தபால்காரர் முதலில் கேட்பது அதைத்தான். எங்கள் லைன் அறைக்கு யார் பெயர் வைப்பார்கள்? வந்த புதிதில் ஊரிலிருந்து எழுதும் கடிதம் எதுவும் கைக்கு வரவில்லை. வண்டி நிற்கிற பெரிய வீட்டுக்கார அம்மா, எங்கள் வீட்டுப்பேரை எழுதச் சொல், மதிலுக்கு வெளியேதானே நிற்கிறீர்கள், தபால்காரர் தந்துவிடுவார் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான் எங்கள் வீட்டுப்பேர். ரேஷன் கார்டில் அது, ஆதாரில் அது, பேங்க் புத்தகத்தில் அது. அங்கன்வாடி நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டத்திலும் அதையே எழுதினேன். அழகான மலையாள எழுத்தில் எழுதினேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வார்டு சபை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட ஹாலில். இவரும் வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். கவுன்சிலரம்மா பேசினார்கள், ஓடை பற்றி இரண்டு பேர் சண்டை போட்டார்கள், பிறகு ஓர் அலுவலர் எழுந்து விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர், தொழில், நேரில் போய் விசாரித்ததில் தெரிந்தது, தகுதி உண்டா இல்லையா. என் பெயர் வந்தது. தொழில், துணி தேய்ப்பு. நேரில் விசாரித்ததில், இரண்டு மாடி சொந்த வீடு, முற்றத்தில் கார். தகுதியில்லை.

ஹாலில் சிரிப்பு எழுந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. யாருடைய காரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. விசாரணைக்கு வந்தவர் ஃபாரத்தில் இருந்த வீட்டுப்பேரைப் பார்த்துப் பெரிய வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த அம்மா மகனோடு பெங்களூரில் இருந்தார்கள். வீட்டில் இருந்த சமையல்காரம்மாவிடம் இந்தப் பெயர் இந்த வீடுதானே என்று கேட்டிருப்பார், அவள் ஆமாம் என்றிருப்பாள். ஆமாம்தானே.

நான் எழுந்து நின்றேன். கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் என் மேல்தான்.

"அந்தக் கார் என்டெயல்ல சாரே" என்றேன். என் மலையாளத்தில் தமிழ் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. "அந்தக் காருக்குள்ள ஆளோட சட்டையத் தேய்க்கிறவளாணு ஞான்."

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை அது எனக்கு வலிக்கவில்லை. ஏழு நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குத் தெளிவு வேண்டும் என்றார் அலுவலர். கவுன்சிலரம்மா அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார்கள்.

திரும்பி வரும் வழி முழுக்க இவர் எனக்கு முன்னால் போனார். இருமினார், துப்பினார், நடந்தார். வீட்டுக்குள் வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

"படிச்சவ பண்ற வேலையா இது."

அந்தச் சொல் தைத்தது. பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கிவிட்டார்.

தெளிவுக்கு என்ன செய்வது? என்னிடம் இருந்த ஒவ்வொரு காகிதமும் நான் பெரிய வீட்டுக்காரி என்று சத்தியம் செய்தது. இருபது வருடமாக எல்லா இடத்திலும் ஒரே பொய்யை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். பொய் என்றே தெரியாமல் எழுதியது, அதனால் ஓர் ஓட்டை கிடையாது. லைன் வீட்டு ஓனரிடம் போய், நாங்கள் உங்கள் அறையில் வாடகைக்கு இருக்கிறோம் என்று ஒரு வரி எழுதிக் கேட்டேன். அவர் மாட்டேன் என்றார். ஒரே வீட்டு நம்பரில் ஆறு குடும்பம் இருப்பது காகிதத்தில் வந்தால் அவருக்கு வரிக் கஷ்டம். "அது மாத்ரம் சோதிக்கருது" என்றார், அதை மட்டும் கேட்காதே என்று. மற்றபடி நல்ல மனிதர்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் அங்கன்வாடி டீச்சர் துணி வாங்க வந்தார். நான் கதையைச் சொன்னேன். அவர் சேலையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ரேஷன் கார்டு விடு சேச்சி. என்டெ சர்வே புக்கில் நிங்கள் எவிடெயாணு?"

வருடத்துக்கு ஒரு தடவை டீச்சர் வெயிலில் வீடு வீடாக நடந்து, கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர், யாருக்கு என்ன வயது என்று எழுதிக்கொண்டு போவார். நாங்கள் தண்ணீர் கொடுத்து அனுப்புவோம், எதற்கு எழுதுகிறார் என்று கேட்டதில்லை. அந்தப் புத்தகத்தில் வீட்டுப்பேர் கிடையாது. லைன், நாலாவது கதவு, கணவன், மனைவி, ஒரு மகள் கட்டிக்கொடுத்தாச்சு. பதினோரு வருடத்துப் புத்தகம் அவர் அலமாரியில் இருந்தது. பதினோரு வருடமும் நான் நாலாவது கதவில் இருந்தேன். அரசாங்கத்தின் கையெழுத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது அங்கே மட்டும்தான் சரியாக இருந்தது.

டீச்சர் அதை நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துத் தந்தார். நான் ஆட்சேபத்தை நானே எழுதினேன். நாலு வரிதான். வண்டி நிற்கிற இடத்தின் பேரை வீட்டின் பேராக எழுதியது என் தவறு. நான் இருப்பது இங்கே. சாட்சி இணைத்திருக்கிறேன். வந்து பாருங்கள். கார்ப்பரேஷனின் வட்டார ஆபீசில் கொடுத்து, நம்பர் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கினேன். முதலில் தரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் நான் அதே பெஞ்சில் இருப்பதைப் பார்த்துவிட்டு நம்பர் போட்டுத் தந்தார்கள்.

ஆனால் விசாரணைக்கு யாரும் வரவில்லை. இரண்டு தடவை போய்க் கேட்டேன், வார்டு சபையில் லிஸ்டு வாசித்த சார் ஃபீல்டில் இருக்கிறார் என்றார்கள். என் வீடும் ஃபீல்டில்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் தடவை உள்ளே போகவில்லை. அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு மணிக்கு அவர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது, கார்க்காரி.

"சாரே, ஸ்கூட்டரில் மூணு நிமிஷம். ஞான் நடந்து வராம்" என்றேன்.

அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை எடுக்காமல், நடந்தே வந்தார். மனிதர் மோசமில்லை. ஒரு நாளில் எத்தனை கதவு தட்டுவார் அவரும்.

வழியில் எங்கள் வண்டி. இவர் மதிலோரமாகக் குனிந்து விசிறிக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. சார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, அந்தப் புகைக்குள் நின்று, பெரிய வீட்டின் பெயர்ப் பலகையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லைனுக்கு வந்தார். நாலாவது கதவைத் திறந்து காட்டினேன். பாய், அடுப்பு, மூன்று வீட்டுத் துணி மூட்டை. உட்கார இடமில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் நின்றுகொண்டே எழுதினார். எழுதி முடித்து என்னிடம் வாசித்துக் காட்டவும் செய்தார்.

விஷு முடிந்து நாலாவது வாரம் இறுதி லிஸ்டு ஒட்டினார்கள். என் பெயர் பதினாலாவதாக இருந்தது. விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், மை ஒட்டவில்லை, அச்சடித்ததுதான். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ரோட்டில் நடந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

லைனுக்குள் நுழைந்ததும் அடுத்த கதவுக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் ஹோட்டலில் தோசை மாஸ்டர், அவள் வீட்டில் தையல் வேலை செய்கிறாள்.

"அக்கா, கேட்டேன். அந்த ஏஜென்ட் கெட்டிக்காரந்தான் என்ன? அண்ணன் குடுத்த காசு வீண்போகல. நானும் காலையிலதான் பாதி குடுத்துட்டு வந்தேன், தையல் மெஷினுக்கு."

நான் அவள் கையை விட்டுவிட்டேன். "எந்த அண்ணன்?" என்றேன். அவளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. வார்டு சபை முடிந்த மறுநாளே இவர் தம்பானூருக்குப் போயிருக்கிறார். கரிக்கடைக்கு வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்திருக்கிறார். லிஸ்டில் என் பெயர் வந்ததும், பார்த்தீர்களா, தள்ளிவிட்ட பெயரையே கொண்டுவந்துவிட்டேன் என்று அவன் லைன் முழுக்கப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான். பெஞ்சில் நான் உட்கார்ந்தது, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றது, டீச்சர் வெயிலில் நடந்தது எல்லாம் அவன் கணக்கில் போய்விட்டது. அதையும் நம்பி இவள் பணத்தைக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் நேரமாகும் என்று அவளையும் இழுத்துக்கொண்டு நேராக பஸ் ஏறினேன்.

ஏஜென்ட் அறையில் நாலு பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் தமிழ் ஆட்கள். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டான்.

"வாங்கக்கா. ஸ்வீட் எங்க? பேரு வந்துட்டுல்லா."

"வந்துட்டு. என் விண்ணப்பத்துக்கு நம்பர் என்ன?" என்றேன்.

"நம்பரா?"

"ஆட்சேபத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. ரெண்டுல எதையாவது சொல்லு போதும். நீதானே நடத்திக் குடுத்த."

அவன் நோட்டைப் புரட்டினான். நோட்டில் இவர் பெயர் இருந்தது, போன் நம்பர் இருந்தது, வாங்கிய தொகை இருந்தது. என் பெயரே இல்லை. விண்ணப்பத்தை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் ரசீதை எடுத்து மேஜையில் வைத்தேன், நம்பர் மேலே தெரிகிற மாதிரி. காத்திருந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். இன்னொருவர், "அண்ணே, அப்ப எனக்க நம்பர் என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவன் மேஜை டிராயரைத் திறந்தான். இவர் கொடுத்த பணமும் தையல்காரி கொடுத்த பணமும் வெளியே வந்தது. "அக்கா வெளிய போய் ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றான். கட்டாயம் சொல்வேன் என்றேன். அவனிடம் பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை. தையல்காரியை அங்கிருந்து நேராக அங்கன்வாடிக்குக் கூட்டிப் போய்ப் பதிவேட்டில் பெயர் எழுத வைத்தேன். அடுத்த வருடப் பட்டியலுக்குத்தான், ஆனால் வீட்டுப்பேர் கட்டத்தில் 'லைன், மூன்றாவது கதவு' என்று எழுதச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்த முகம். பணத்தை அவர் மடியில் போட்டேன். பஸ்ஸில் வரும்போது திட்டுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரே கேள்வி.

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்களா?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பிடி இல்ல. நீ எழுதுனா கெடச்சிரும்னுதான் இருந்தேன். அன்னைக்கு வார்டு சபையில தள்ளிட்டானா. வீட்டுக்கு வந்து உன்னை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். சொன்ன பெறவு எனக்கே கேக்கச் சகிக்கல. கெடைக்காமப் போச்சுன்னா, மூச்சு முட்டி நான் கெடக்கும்போதெல்லாம் உன்னையத்தான் திட்டுவேன். எனக்கு அந்தப் புத்தி தெரியும். அவனுக்குக் காசு குடுத்து வச்சா, அவனத் திட்டிக்கலாம்லா."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மனிதரை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். சாகப்போகிறோமோ என்று பயந்துகொண்டு, அந்தச் சமயத்தில் என்னைத் திட்டாமல் இருப்பதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கரிப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வழியை விலைக்கு வாங்கியிருக்கிறார். எனக்குக் கோபமும் இருந்தது, அவர் மேல் அவ்வளவு ஆசையும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை.

"என்னையே திட்டுங்க" என்றேன். "அதுக்குக் காசு வேண்டாம்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பணம் அடுத்த வெள்ளிக்கிழமை பேங்கில் ஏறியது, சனிக்கிழமை காலை இரண்டு பேருமாகப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தோம்.